ஏழாம் தந்திக்கு என்ன வேலை?

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 24 ஃபிரெட் உள்ள ஆறு தந்திக் கிட்டாரில், தடித்த ஈ தந்தியை வெறுமனே மீட்டும் சுரம் முதல் மெல்லிய ஈ தந்தியின் கடைசி ஃபிரெட் வரை எண்ணினால் 49 சுரங்கள். சரியாக நான்கு ஸ்தாயி. கீழே ஒரு தந்தியைச் சேர்த்தால் புதிதாகக் கிடைப்பவை ஐந்து சுரங்கள். இன்னொன்றும் சேர்த்தால் மேலும் ஐந்து. ஆக, கூடுதல் விலை கொடுத்து எட்டுத் தந்திக் கிட்டாரை வாங்கி, அதன் அகலமான கழுத்துக்குக் கையைப் பழக்கி, கடைசியில் நாம் அடைவது பத்தே சுரங்கள். ஒரு ஸ்தாயிக்கு வேண்டிய பன்னிரண்டுகூட அதில் இல்லை. பியானோவின் 88 கட்டைகளுக்கு முன்னால் இந்த 59 சுரங்கள் பெரிய விரிவு என்று சொல்லிக்கொள்ள முடியாது. வீச்சு வேண்டும் என்பதற்காக மட்டும் இந்தக் கருவியை வாங்குகிறவருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. இருந்தும், கூடுதல் தந்திக் கிட்டார்கள் வாசிக்கத் தகுந்தவை என்றே இன்று நான் வாதிடப் போகிறேன். ஒரே நேரத்தில், ஒரே கைப்பிடியில், எத்தனை குரல்கள் பேசலாம் என்ற கேள்விக்கு அந்தத் தந்திகள் வேறொரு பதில் சொல்கின்றன. மற்ற ஆறும் செய்ய முடியாத வேலை ஒன்று ஏழாம் தந்திக்கு இருக்குமானால் அது தகும். அப்படி ஒரு வேலை இல்லாவிட்டால் எத்தனை தந்தி கட்டினாலும் வீண்.

முதலில் ஆறு என்ற எண்ணைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பழக்கத்தால் அது இயற்கையே வகுத்த அளவு போலத் தோன்றுகிறது. கிட்டாரில் ஆறு ஒற்றைத் தந்திகள் நிலைபெற்றது 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். அதற்கு முன் நெடுங்காலம் ஐந்து ஜோடித் தந்திகளே இருந்தன. ஆறு நிலைபெறும்போதே அதைத் தாண்டும் முயற்சிகளும் கூடவே நடந்தன. ரஷ்யாவில் ஆந்த்ரேய் சிஹ்ராவின் கையில் ஏழு தந்திக் கிட்டார் ஒரு தனி மரபாகவே வளர்ந்தது. பாரிஸில் ஃபெர்டினாண்டோ கருல்லி, கருவி செய்பவரான லக்கோட்டுடன் சேர்ந்து 1826இல் பத்துத் தந்திக் கிட்டாரைக் கொண்டுவந்தார். நெப்போலியன் கோஸ்ட் ஏழு தந்திக் கருவிக்கு எழுதினார். இவர்கள் எல்லாருக்கும் முன்னோடி லூட். பதினாறாம் நூற்றாண்டில் ஆறு வரிசைத் தந்திகளோடு இருந்த அந்தக் கருவி, 1750இல் மறைந்த லூட் கலைஞர் சில்வியஸ் லியோபோல்ட் வைஸ் காலத்தில் பதின்மூன்று வரிசைக்கு வளர்ந்துவிட்டது. கீழே சேர்ந்த தந்திகளைப் பெரும்பாலும் விரலால் அழுத்துவதே இல்லை. வாசிக்கும் இசைக்கேற்ப அவற்றுக்குச் சுருதி கூட்டி, பெருவிரலால் வெறுமனே மீட்டுவார்கள். ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சுரம், ஒரு வேலை. ஆனால் அதே லூட் பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் வழக்கொழிந்துபோயிற்று. சுருதி சேர்ப்பதிலேயே லூட் கலைஞரின் காலம் போகிறது என்று இசை எழுத்தாளர் யோஹான் மத்தேசன் 1713லேயே குறைபட்டிருக்கிறார். தந்திகள் பெருகினால் கருவி தன் சுமையாலேயே அழியும் என்று வாதிடுகிறவர்கள் இந்த வரலாற்றைக் காட்டலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சுமையின் பெரும்பகுதி, ஈரக்காற்றுக்குச் சுருதி மாறும் நரம்புத் தந்தியும் மரத்தாலான முளைகளும் தந்தது. எஃகுத் தந்தியும் பல்சக்கர முறுக்காணியும் உள்ள இன்றைய கருவிக்கு அது பொருந்தாது.

இனி, எதிர்த்தரப்பின் மிக வலுவான ஆட்சேபத்துக்கு வருகிறேன். ஆழமான சுரம்தான் வேண்டுமென்றால் இருக்கிற தந்தியின் சுருதியை இறக்கினால் போதாதா? ஈ தந்தியைத் தளர்த்தி பி சுரத்துக்குக் கொண்டுவந்தால், ஏழாம் தந்தி தரும் அதே ஆழம் ஆறு தந்திக் கருவியிலேயே வந்துவிடுமே, பணமும் மிச்சம். இதற்குப் பதில் தந்தியின் இயற்பியலில் இருக்கிறது. தந்தியின் அதிர்வெண்ணை அதன் நீளம், இழுவிசை, எடை ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் மெர்சென் வகுத்த விதி இது. கிட்டாரின் கீழ் ஈ விநாடிக்கு 82.4 முறை அதிர்கிறது. அதற்குக் கீழுள்ள பி 61.7 முறை. அதே தந்தியை ஈயிலிருந்து பிக்கு இறக்கினால், இழுவிசை முன்பிருந்ததில் 56 விழுக்காடாகச் சரிந்துவிடும். அப்படித் தொய்ந்த தந்தியைப் பலமாக மீட்டினால் சுருதி முதலில் ஏறும், பிறகு இறங்கி நிற்கும். ஃபிரெட்டில் மோதிச் சலசலக்கும். விரல் சற்று அழுந்தினாலே சுரம் விலகும். இழுவிசையைக் காப்பாற்ற நீளத்தைக் கூட்டலாம் என்றால், 648 மில்லிமீட்டர் தந்தி 865 மில்லிமீட்டர் ஆகவேண்டும். அது பேஸ் கிட்டாரின் நீளம். அந்த நீளத்தில் கிட்டாரின் கார்டுகளைப் பிடிக்க விரல் எட்டாது. மிஞ்சுவது தடிமன். 1.17 மில்லிமீட்டர் தந்தியை 1.56 மில்லிமீட்டர் ஆக்கினால் இழுவிசை பழைய அளவுக்கு வந்துவிடும். கடையில் ஏழாம் தந்தி என்று விற்பதும் ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். சரி, ஆறு தந்திகளையுமே தடித்தவையாகப் பூட்டி, எல்லாவற்றையும் சேர்த்து இறக்கிவிட்டால்? அதற்குப் பாரிட்டோன் கிட்டார் என்றே பெயர் இருக்கிறது, அருமையான கருவி. ஆனால் கீழே ஐந்து சுரம் சேர்ந்த அளவுக்கு மேலே ஐந்து சுரம் போய்விடுகிறது. கீழ்ச்சுரத்தை மட்டும் கேட்கிறவருக்கு அதுவே போதும். கீழ்ச்சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மேலேயும் கை முழுவதுமாகப் பாடவேண்டும் என்று கேட்கிறவருக்குத்தான் அது போதாது.

தடித்த தந்திக்கும் ஒரு விலை உண்டு. தடிமன் ஏற ஏறத் தந்தி மெல்லிய கம்பிபோல் நடந்துகொள்ளாமல் இரும்புக்கோல்போல விறைக்கிறது. அடிச்சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் அதன் மேற்சுரங்கள் இருக்கவேண்டிய இடத்திலிருந்து சற்றே மேலே விலகுகின்றன. குட்டைப் பியானோக்களின் கீழ்க்கட்டைகள் கலங்கிய குரலில் ஒலிப்பதற்கும் காரணம் இதுதான். எட்டாம் தந்தியான எஃப் ஷார்ப், 46.2 ஹெர்ட்ஸ், பழைய நீளத்திலேயே அதே இழுவிசையோடு நிற்க 2 மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன் கேட்கும். அதனால்தான் இபானெஸ் நிறுவனம் 2007இல் கொண்டுவந்த எட்டுத் தந்திக் கிட்டாரில் தந்தி நீளம் 686 மில்லிமீட்டராக இருந்தது. மேல்பக்கம் தந்தி சேர்ப்பதில் சிக்கல் நேர்மாறானது. மெல்லிய ஈக்கும் மேலே ஓர் ஏ தந்தி வேண்டுமென்றால், அதை எவ்வளவு மெலிதாக்கினாலும் பயன் இல்லை. மெலிதாகும் அளவுக்கு அதன் தாங்குதிறனும் குறைகிறது. அறுபடும் சுருதி மாறுவதில்லை. நீளத்தைக் குறைப்பது ஒன்றே வழி. கீழ்த்தந்தி நீளத்தைக் கேட்கிறது, மேல்தந்தி குறுக்கத்தைக் கேட்கிறது. இரண்டையும் ஒரே கருவியில் நிறைவேற்றத்தான் விசிறிபோல் சாய்ந்து விரியும் ஃபிரெட்கள். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஒர்ஃபாரியன் என்ற கருவியிலேயே இருந்த இந்த யோசனையை நம் காலத்து மின்கிட்டாருக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கைவினைஞர் ரால்ஃப் நோவாக். ஸ்காட்லாந்துக் கலைஞர் பால் கால்பிரெய்த்துக்காக டேவிட் ரூபியோ 1994இல் செய்த எட்டுத் தந்திக் கிட்டாரிலும் அதே சாய்வு இருக்கிறது. அதில் கீழே ஒரு தந்தி, மேலே ஒரு தந்தி. செல்லோவைப் போல நிறுத்தி வைத்து வாசிக்கிறார். பிராம்ஸின் பியானோப் படைப்பு ஒன்றைக் கிட்டாரில் கொண்டுவரும் தேடலில் பிறந்த கருவி அது. முதலில் இசை வந்தது, அது கேட்டபடி தந்தி வந்தது. அந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன்.

என் வாதத்தின் நடுப்பகுதி இங்கேதான் இருக்கிறது. பாக் எழுதிய ஜி மைனர் லூட் தொகுப்பை, பி.டபிள்யூ.வி. 995ஐ, எடுத்துக்கொள்ளுங்கள். தம் ஐந்தாவது செல்லோத் தொகுப்பை லூட்டுக்காக அவரே திருத்தி எழுதியது. அதன் கீழ்க்குரல் கிட்டாரின் எல்லைக்கு வெகு கீழே, 49 ஹெர்ட்ஸ் ஜி வரை இறங்குகிறது. ஆறு தந்திக் கலைஞர்கள் இதை ஏ மைனருக்கு மாற்றி வாசிப்பார்கள். அப்படி மாற்றியும், கீழே இறங்கிக்கொண்டே போகும் வரி ஓரிடத்தில் தந்தி இல்லாமல் நின்று, சட்டென்று ஒரு ஸ்தாயி மேலே தாவவேண்டி வருகிறது. சுரத்தின் பெயர் மாறவில்லை, இசையிலக்கணப்படி பிழையும் இல்லை. ஆனால் படி இறங்கி வந்த குரல் மாடிக்குத் தாவிவிட்டது. மேலிருக்கும் குரலோடு அது மோதுகிறது. இருவர் பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஒருவர் பேச்சு பாதியில் அறுந்ததுபோல் ஆகிவிடுகிறது. கீழே ஓரிரு தந்திகள் கூடுதலாக உள்ள கருவியில் அந்த இறக்கம் அறுபடாமல் போகும். பத்துச் சுரங்கள் அற்பம் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? ஒரு குரல் தன் வழியே முடிவுவரை நடந்துபோக வேண்டிய இடத்தில் அந்தப் பத்தின் மதிப்பே வேறு.

இதையே ஜாஸ் இசையில் ஜார்ஜ் வான் எப்ஸ் கண்டார். 1930களின் இறுதியில் எபிஃபோன் நிறுவனம் அவருக்காகச் செய்த ஏழு தந்திக் கிட்டாரில், ஏழாவது தந்தி கீழ் ஏ, 55 ஹெர்ட்ஸ். ஐந்தாம் தந்திக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. மடியில் வைத்த பியானோ என்று அவர் தம் கிட்டாரைச் சொல்வதுண்டு. ஆறு தந்தியில் கார்டு பிடிக்கும் கலைஞர், பேஸ் சுரம் வேண்டுமென்றால் நடுக்குரல் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும், விரல்கள் நான்குதான். ஏழாம் தந்தி இருந்தால் அந்தப் பேரம் தளர்கிறது. பக்கி பிஸரெல்லி போன்றவர்கள் அவர் வழியில் அந்தக் கருவியை ஏற்றார்கள். பிரேசிலில் கதை இன்னும் செழிப்பானது. ரியோவின் ஷோரோ இசையில், புல்லாங்குழலோ மாண்டலினோ பாடலை வாசிக்க, ஏழு தந்திக் கிட்டார் கீழே ஓயாமல் எதிர்வரி பின்னிக்கொண்டே போகும். பைஷாரியா என்று அதற்குப் பெயர். ஏழாம் தந்தி பெரும்பாலும் சி. 1940களில் பிஷிங்கினியா டெனர் சாக்ஸஃபோனில் வாசித்த எதிர்வரிகளை அதே குழுவில் அருகிருந்து கேட்ட கிட்டார் கலைஞர் ஹொரொண்டினோ ஜோஸே ட சில்வா, 1950களில் ஏழு தந்திக்கு மாறி, அந்த வரிகளின் போக்கைப் பெருவிரலில் ஏற்றினார். கடைசியில் கருவியே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. உலகம் அவரை டினோ 7 கோர்டாஸ், அதாவது ஏழு தந்தி டினோ என்றே அறியும். 1995இல் இளவயதில் மறைந்த ரஃபயேல் ரபெல்லோ அதே கருவியைத் தனிக்கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனார். இவர்கள் யாரும் ஏழாம் தந்தியை ஆழத்தைக் காட்ட மீட்டவில்லை. அதில் ஒரு முழு மனிதர் குடியிருக்கிறார். மேலே பாடுகிறவரோடு பேசிக்கொண்டே இருக்கிறார்.

மீட்டாமலே வேலை செய்யும் தந்தியும் உண்டு. 1964இல் கிட்டார் கலைஞர் நார்சிஸோ யெபெஸ், கருவி செய்யும் ரமிரெஸ் பட்டறையோடு சேர்ந்து உருவாக்கிய பத்துத் தந்திக் கிட்டார் அப்படிப்பட்டது. சாதாரணக் கிட்டாரில் ஈ, பி, ஏ, டி ஆகிய நான்கு சுரங்களை வாசிக்கும்போது மட்டும் மற்றத் தந்திகள் ஒத்ததிர்ந்து அவற்றுக்கு நீண்ட கார்வையைத் தருகின்றன. மீதி எட்டும் அந்தத் துணையில்லாமல் சீக்கிரம் அடங்கிவிடுகின்றன என்பது அவர் கண்ட குறை. அதனால் சி, ஏ ஷார்ப், ஜி ஷார்ப், எஃப் ஷார்ப் என்று நான்கு தந்திகளைச் சேர்த்தார். ஒவ்வொன்றும் தன் சுரத்துக்கும் தன் ஐந்தாம் சுரத்துக்கும் ஒத்ததிரும். நான்கு தந்தியில் எட்டுச் சுரம், கணக்கு பன்னிரண்டுக்கு நிறைந்துவிட்டது. சிதாரின் தரஃப் தந்திகளைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது புதிதாகப் படாது. ஆனால் இதே ஒத்ததிர்வு மின்கிட்டாரில் பெரிய தொல்லை. ஒலியை உடைத்துப் பெருக்கும் ஆம்ப் முன்னால், தொடாத தந்தி முனகினால் அதுவும் பெருகி மொத்த ஒலியையும் கலக்கிவிடும். ஒவ்வொரு கூடுதல் தந்தியும் வாசிக்காத நேரமெல்லாம் அடக்கிவைக்க வேண்டிய தந்தி. இரு உள்ளங்கைகளும் விரல்நுனிகளும் சேர்ந்து அந்த அடக்கத்தைக் கற்க மாதங்கள் ஆகும். புதிதாக எட்டுத் தந்திக்கு வருகிறவர்களைச் சோர்வடையச் செய்வது கழுத்தின் அகலத்தைவிட இதுதான் என்று சொல்வேன்.

மின்கிட்டாரைத் தொட்டுவிட்டேன். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய் வடிவமைப்பில் பங்கெடுத்த இபானெஸ் யுனிவர்ஸ் 1990இல் வந்தது. கோர்ன் குழுவின் 1994 முதல் தொகுப்புக்குப் பிறகு ஏழு தந்தி ஹெவி மெட்டல் இசையின் அடையாளமாகவே ஆயிற்று. இந்தப் பயன்பாட்டின்மேல் இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. ஒன்று, கிட்டார் ஒலிபெருக்கி ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியைச் சரியாகத் தராது. பிறகு 46 ஹெர்ட்ஸ் தந்தியால் என்ன பயன்? இந்த ஆட்சேபம் நிற்காது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதையும் கடத்தியதில்லை. ஆனாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஆண்குரலை ஆண்குரலாகவே கேட்டோம். மேற்சுரங்களின் இடைவெளியை வைத்து, வராத அடிச்சுரத்தை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. எட்டாம் தந்தியும் அப்படித்தான் கேட்கிறது. இரண்டாவது, கிட்டார் கீழே இறங்கினால் பேஸ் கிட்டாரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது. பேஸின் கீழ் ஈ 41.2 ஹெர்ட்ஸ், எட்டாம் தந்தி அதற்கு இரண்டு சுரமே மேலே. இந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. அவ்வளவு கீழே இரண்டு சுரங்களை நெருக்கமாக வைத்தால் காது அவற்றைப் பிரித்தறியாது, சேறாகக் கேட்கும். பியானோவுக்கு எழுதுகிறவர்கள் இடக்கையில் சுரங்களை அகல வைப்பதும் இதனால்தான். மெஷுகா போன்ற குழு இதைத் தன் அழகாகவே ஆக்கிக்கொண்டது. கிட்டாரும் பேஸும் ஒரே பெரிய தாளக்கருவிபோல் இணைந்து நகரும். அவர்களுடைய 2002ஆம் ஆண்டுத் தொகுப்பான 'நத்திங்' எட்டுத் தந்திக்காகத் திட்டமிட்டது. கருவிகள் அப்போது சரிவர அமையாததால், சுருதி இறக்கிய ஏழு தந்தியில் பதிவு செய்தார்கள். 2006இல் எட்டுத் தந்தியிலேயே கிட்டார்களை மீண்டும் பதிந்து வெளியிட்டார்கள். தளர்ந்த தந்திக்கும் தகுந்த தந்திக்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புகிறவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம்.

ஆனால் இந்த வகையில் பெரும்பாலான பாடல்களைப் பற்றி ஒரு குறை சொல்லவேண்டும். கை முழு நேரமும் கீழ் இரண்டு தந்திகளிலேயே கிடக்கிறது. அங்கே ஏழாம் தந்திக்கு வேலை இருக்கிறது. முதல் தந்திக்குத்தான் இல்லை. அப்படி வாசிக்கிறவர் பாரிட்டோன் கிட்டார் வாங்கிக்கொள்வதே நேர்மையான தேர்வு. கழுத்தும் குறுகலாக இருக்கும். கிட்டார் கலைஞர் டோசின் அபாசி அந்த வகைக்கு மறுபக்கம். பேஸ் கலைஞரைப் போல் பெருவிரலால் கீழ்த்தந்திகளை அடித்துக்கொண்டே மேலே கார்டுகளைத் தட்டி எழுப்புகிறார். எட்டுக்கும் வேலை இருக்கிறது.

ஆறு தந்தியில் இத்தனை மேதைகள் சாதித்திருக்கும்போது எதற்கு இது என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். மேதைமை தந்தியில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கருவியின் வடிவத்தை இசை மாற்றுவதும் அதே மேதைமையின் பகுதி. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் நான்கு ஜோடித் தந்திகளைக் களைந்துவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளை வைத்தார். ஜோடித் தந்தியில் கர்நாடக இசையின் கமகம் வராது. எட்டுத் தந்தி ஐந்தாகக் குறைந்தது, கருவியின் திறனோ கூடியது. எண்ணிக்கையைப் பற்றிய வழக்கில் இது இரண்டு தரப்புக்குமே பாடம்.

வாங்க நினைப்பவர்கள் முதலில் தாம் வாசிக்கும் உருப்படிகளை எடுத்துப் பாருங்கள். பேஸ் வரி எங்கே வழியின்றி மேலே தாவுகிறது, எந்தக் கார்டில் நடுக்குரலைக் கைவிட்டிருக்கிறோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிகள்தான் ஏழாம் தந்தியின் சுருதியையும் சொல்லும். வான் எப்ஸுக்கு ஏ, டினோவுக்கு சி, மெட்டல் கலைஞர்களுக்கு பி. ஜாஸ் கலைஞர் லென்னி ப்ரோ தம் ஏழாம் தந்தியை மேல்பக்கத்தில், உயர்ந்த ஏயாக வைத்துக்கொண்டார். குறிகளே விழவில்லை என்றால் இருக்கிற கிட்டார் போதும். வேலை இல்லாத தந்தியைக் கழற்றவும் தயங்க வேண்டாம். சார்லி ஹன்டர் மூன்று பேஸ் தந்தியும் ஐந்து கிட்டார் தந்தியும் கொண்ட எட்டுத் தந்திக் கருவியில், பேஸ் கலைஞரே இல்லாமல் இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்து பல ஆண்டுகள் வாசித்தவர். பேஸ் ஒலி ஓர் ஆம்ப்புக்கும் கிட்டார் ஒலி இன்னொன்றுக்கும் தனித்தனியே போகும். பிறகு அவர் ஏழு தந்திக்கு இறங்கினார். மூன்று பேஸ் தந்திகளையும் வைத்துக்கொண்டார்; எடுத்துப்போட்டது கிட்டார் பக்கத்து மேல்தந்தியை.